ஒரு வயர், கொஞ்சம் ஆயில், ஒரு ஹோஸ்... கப்பல் ஜெனரேட்டர் சொல்லித்தரும் பராமரிப்புப் பாடம்!

2022 இறுதியில் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புப் பணிக்காக மூடியபோது ஸ்ரீரங்கம்வாசிகள் பட்ட பாடு இன்னும் மறந்திருக்காது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குச் சட்டென்று போய் வந்தவர்கள், சென்னை பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. 1976-ல் கட்டிய பாலத்தைச் சரிசெய்து 2023 மார்ச்சில் திறந்த பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது.

கிட்டத்தட்ட அதே வயதுள்ள இன்னொரு பாலம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருந்தது. பெயர், ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம். 1977-ல் திறக்கப்பட்டது. 2024 மார்ச் 26 அதிகாலை, சில விநாடிகளில் அது ஆற்றுக்குள் சரிந்து விழுந்தது. பாலத்தின் மேல் இரவு வேலையாகச் சாலைப் பள்ளங்களை நிரப்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களில் 6 பேர் இறந்துபோனார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் எனப் பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

பாலத்தின் மீது மோதியது ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல். சுமார் 300 மீட்டர் நீளம். கன்டெய்னர்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குக் கிளம்பியிருந்தது. கப்பலில் இருந்த 21 ஊழியர்களில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கைக்காரர். புயல் இல்லை, பெரிய அலை இல்லை. பிறகு ஏன் மோதியது?

கப்பலில் கரன்ட் போய்விட்டது. அதுதான் காரணம்.

நடுக்கடலில் மின்வாரியம் கிடையாது!

கப்பலை ஓட்டுவது அடித்தளத்தில் இருக்கும் ராட்சத மெயின் இன்ஜின். ‘அதுதான் டீசலில் ஓடுகிறதே, கரன்ட் போனால் என்ன?’ என்று தோன்றும். ஆனால், அந்த இன்ஜினுக்கு ஆயில் அனுப்பும் பம்ப், அதைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப், எரிபொருள் பம்ப் என எல்லாமே மின்சாரத்தில் ஓடுகின்றன. கப்பலைத் திருப்பும் சுக்கானை அசைக்கும் மோட்டாரும் அப்படித்தான். கரன்ட் போனால் விளக்கு மட்டும் அணைவதில்லை. வேகமும் போய்விடும், திசையும் போய்விடும்.

அதனால் பெரிய சரக்குக் கப்பல்களில் பொதுவாக மூன்று, நான்கு டீசல் ஜெனரேட்டர்கள் இருக்கும். டாலியில் நான்கு. கடலில் சாதாரணமாகப் போகும்போது ஒன்று ஓடினாலே பெரும்பாலும் போதும். துறைமுகத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் இரண்டை இணைத்து ஓட்டுவார்கள், ஒன்று நின்றாலும் இன்னொன்று தாங்கட்டும் என்று.

இவை எல்லாம் கைவிட்டால்? அதற்கென்றே அவசர ஜெனரேட்டர் ஒன்று தனியாக உண்டு. இன்ஜின் அறையில் தீப்பிடித்தாலும் தண்ணீர் புகுந்தாலும் இது தப்பிக்க வேண்டும் என்பதால், மேல்தளத்தில் தனி அறையில் வைத்திருப்பார்கள். கரன்ட் போன 45 விநாடிகளுக்குள் இது தானாக ஸ்டார்ட் ஆகி மின்சாரம் தர வேண்டும். சரக்குக் கப்பல் என்றால் 18 மணி நேரம் தாங்கும் அளவுக்கு எரிபொருள் இருக்க வேண்டும். சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி இது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் விபத்துகள் நடக்கின்றன. சமீப வருடங்களில் உலகமே பேசிய மூன்று சம்பவங்களை எடுத்துக்கொண்டால், மூன்றுக்கும் தொடக்கம் ஆச்சர்யப்படும் அளவுக்குச் சின்ன விஷயம்.

1. ஒரு வயர்

டாலி விபத்தை அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக விசாரித்து, 2025 நவம்பரில் முடிவை அறிவித்தது. கப்பலில் ஆயிரக்கணக்கான வயர்கள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய சின்ன லேபிள் வளையம் மாட்டியிருப்பார்கள். அவற்றில் ஒரு வயரில் அந்த வளையம் சரியான இடத்தில் இல்லை. அதனால் வயரின் முனை, சொருக வேண்டிய இடத்துக்குள் முழுதாகப் போகவில்லை. பார்வைக்கு மாட்டியதுபோலவே இருந்திருக்கிறது. பிடிமானம்தான் இல்லை.

அந்த இணைப்பு விட்டுப்போனதும் பிரேக்கர் திறந்துகொண்டது. கப்பலின் பெரும்பகுதி இருண்டது. பம்ப்புகள் நின்றதால் மெயின் இன்ஜினும் தானாக அணைந்தது. மாற்று டிரான்ஸ்ஃபார்மருக்குத் தானாக மாறும் வசதி கப்பலில் இருந்தது. ஆனால், அது மேனுவலில் வைக்கப்பட்டிருந்தது. ஊழியர்கள் சுமார் ஒரு நிமிடத்தில் கையால் மின்சாரத்தை மீட்டார்கள். ஆனால், மீண்டும் போய்விட்டது.

இரண்டாவது முறை காரணமே வேறு. ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்களுக்கு டீசல் அனுப்ப, வழக்கமான பம்ப்புக்குப் பதிலாக, குழாய்களைக் கழுவப் பயன்படும் பம்ப்பை ஓட்டியிருந்தார்கள். கரன்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக மறுபடி ஓடும் வசதி அந்தப் பம்ப்புக்கு இல்லை. அது நின்றே கிடக்க, டீசல் அழுத்தம் குறைந்து ஜெனரேட்டர்கள் துவண்டன. முதல் இருட்டிலிருந்து மோதல் வரை சுமார் நான்கு நிமிடங்கள்தான்.

அந்த நான்கு நிமிடங்களில் நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். கப்பலிலிருந்து அபாய எச்சரிக்கை போனது. போலீஸார் பாலத்தின் இரு பக்கமும் வாகனங்களை நிறுத்தினார்கள். எத்தனையோ உயிர்கள் தப்பின. மேலே வேலைசெய்துகொண்டிருந்தவர்களுக்கு மட்டும் நேரம் போதவில்லை.

2. கொஞ்சம் ஆயில்

2019 மார்ச் 23. நார்வே கடற்கரையை ஒட்டி, கடும் புயலில் ‘வைக்கிங் ஸ்கை’ என்ற சொகுசுக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. உள்ளே 1,373 பேர். இரண்டே வயதான புத்தம் புதுக் கப்பல். திடீரென ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்கள் அடுத்தடுத்து நின்றன. பாறைகள் நிறைந்த கரையை நோக்கிக் கப்பலைக் காற்று தள்ளியது. ஒரு கப்பல் நீளமே மிச்சம் என்ற அளவுக்குப் பாறையை நெருங்கிய பிறகு, ஊழியர்கள் ஒருவழியாக மின்சாரத்தை மீட்டு, நங்கூரமும் போட்டுக் காப்பாற்றினார்கள். 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கிக் கரைசேர்த்தார்கள்.

காரணம், ஜெனரேட்டர் இன்ஜின்களில் மசகு ஆயில் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாக இருந்தது. அமைதியான கடலில் அது தெரிந்திருக்காது. கப்பல் தொட்டிலாக ஆடியபோது, அடித்தொட்டியில் இருந்த ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கியது. பம்ப் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சியது. ஆயில் அழுத்தம் விழுந்ததும், இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிட்டது. பாத்திரத்தில் கால்வாசி ரசம் இருக்கும்போது சாய்த்தால் கரண்டிக்கு எதுவும் சிக்காதே, அதே கதை.

அன்று காலையே ‘ஆயில் அளவு குறைவு’ என்ற அலாரங்கள் வந்து போயிருந்தன என்பதும் விசாரணையில் தெரிந்தது. நான்கு ஜெனரேட்டர்களில் ஒன்று ஏற்கெனவே பழுதாகி நின்றிருந்தது.

3. ஒரு ஹோஸ்

2013 பிப்ரவரி 10. மெக்சிகோ வளைகுடாவில் ‘கார்னிவல் டிரையம்ஃப்’ என்ற உல்லாசக் கப்பல். 4,200-க்கும் அதிகமானோர் பயணம் செய்தார்கள். ஆறாவது ஜெனரேட்டரின் எரிபொருள் ஹோஸ் ஒன்றில் கசிவு. சூடான பாகத்தில் பட்டுத் தீப்பிடித்தது. தீயை அணைத்துவிட்டார்கள், யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், கப்பலின் முக்கிய மின்சாரம் திரும்பவேயில்லை. ஏசி இல்லை, பெரும்பாலான கழிவறைகள் வேலைசெய்யவில்லை. இழுவைப் படகுகள் கப்பலை அலபாமா மாநிலத்தின் மொபைல் துறைமுகத்துக்கு இழுத்துவந்து சேர்த்தபோது பிப்ரவரி 14 இரவு. விடுமுறைக்குப் போனவர்கள் தளத்தில் பாய் போட்டுப் படுத்த படங்கள் உலகம் முழுவதும் ஓடின.

அப்படியென்றால் தினமும் என்ன செய்வார்கள்?

கப்பல் ஜெனரேட்டரின் பராமரிப்பு, காலண்டரைவிட ‘ரன்னிங் ஹவர்ஸ்’ கணக்கில்தான் அதிகம் நடக்கும். அதாவது இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு. ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். நம் அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் வருடத்துக்குச் சில நூறு மணி நேரம் ஓடினாலே அதிகம். கப்பலில் ஒரு ஜெனரேட்டர் சில ஆயிரம் மணி நேரம் ஓடிவிடும். பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் இவற்றுக்குப் பொறுப்பு மூன்றாவது இன்ஜினீயர்.

தினமும்: ஆயில் அளவு, அழுத்தம், குளிர்விக்கும் தண்ணீரின் வெப்பம், ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளிவரும் புகையின் வெப்பம் ஆகியவற்றைக் குறித்துவைப்பார்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருந்தால், அங்கே ஏதோ சரியில்லை என்று பொருள். கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் இதில் அடக்கம்.

எரிபொருள் சுத்தம்: டேங்கில் இருக்கும் எரிபொருளை அப்படியே இன்ஜினுக்குள் விடமாட்டார்கள். ‘பியூரிஃபையர்’ என்ற கருவி, பாலிலிருந்து க்ரீம் பிரிக்கும் இயந்திரம்போல வேகமாகச் சுழன்று தண்ணீரையும் அழுக்கையும் தனியே ஒதுக்கும். அதன் பிறகும் ஃபில்டர்கள் உண்டு.

ஆயிலுக்கு ரத்தப் பரிசோதனை: குறிப்பிட்ட இடைவெளியில் ஆயிலைப் பாட்டிலில் பிடித்துக் கரையில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா, எந்த உலோகத்தின் துகள் அதிகம் என்பது தெரிந்தால், இன்ஜினைப் பிரிக்காமலே உள்ளே எந்தப் பாகம் தேய்கிறது என்று ஊகிக்கலாம்.

மணிக்கணக்கு வந்ததும்: டீசலைத் தூறலாகத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதிப்பார்கள். வால்வு இடைவெளியை மெல்லிய தகடு விட்டு அளந்து சரிசெய்வார்கள். டர்போசார்ஜரைக் கழுவுவார்கள். கிராங்க் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு, பல ஆயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை பிஸ்டன் வரை வெளியே எடுக்கும் பெரிய ஓவர்ஹால். எத்தனை மணி நேரம் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் மாறும். மேனுவல்தான் வேதம்.

கை வைப்பதற்கு முன் செய்யும் வேலை இன்னும் முக்கியம். ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகாதபடி செய்ய வேண்டும். இவற்றைப் பெரும்பாலும் அழுத்தக் காற்றால்தான் ஸ்டார்ட் செய்வார்கள், அந்தக் காற்றுக் குழாயை மூட வேண்டும். ‘ஆள் வேலை செய்கிறார், தொடாதே’ என்ற அட்டையைத் தொங்கவிட வேண்டும். உள்ளே கை இருக்கும்போது இன்ஜின் சுழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, பாதுகாப்பு சோதனை. ஆயில் அழுத்தம் குறைந்தால் இன்ஜின் உண்மையிலேயே நிற்கிறதா, அவசர ஜெனரேட்டர் உண்மையிலேயே ஸ்டார்ட் ஆகிறதா என்று அவ்வப்போது ஓட்டியே பார்ப்பார்கள். டாலி விபத்துக்குப் பிறகு இந்தப் பட்டியலில் இன்னொன்றும் கவனம் பெற்றிருக்கிறது. வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராவை வைத்து மின் இணைப்புகளைப் பார்ப்பது. தளர்ந்த இணைப்பு சூடாகும்போது கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

கடலே இல்லாத திருச்சிக்கு இதில் என்ன வேலை?

நிறையவே இருக்கிறது. பொன்மலை ரயில்வே பணிமனை முதலில் இருந்தது துறைமுக ஊரான நாகப்பட்டினத்தில். 1920-களின் பிற்பகுதியில்தான் அது திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. நீராவி இன்ஜின்களுக்குப் பிறகு, டீசல் ரயில் இன்ஜின்களைப் பிரித்து மேய்ந்து புதிதாக்கி அனுப்புவதில் பெயர் எடுத்த இடம் அது.

டீசல் ரயில் இன்ஜின் என்பது உண்மையில் சக்கரம் வைத்த ஜெனரேட்டர்தான். டீசல் இன்ஜின் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது மின்சாரம் தயாரிக்கும், அந்த மின்சாரத்தில் சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார்கள் ஓடும். நம் ஊர் ரயில்களைப் பல பத்தாண்டுகள் இழுத்தது ‘ஆல்கோ 251’ என்ற இன்ஜின் குடும்பம். அதே குடும்பம்தான் கனடா கடலோரக் காவல் படையின் பனி உடைக்கும் கப்பல்களிலும், நாசாவின் ராக்கெட்டுகளை ஏவுதளத்துக்குச் சுமந்துபோகும் ராட்சத வண்டியிலும் ஜெனரேட்டரைச் சுழற்றியது. பொன்மலைத் தொழிலாளர்களின் கைக்குப் பழக்கமான இன்ஜினின் பங்காளிகள் துருவப் பனியையும் விண்வெளித் தளத்தையும் பார்த்துவிட்டன!

பணிமனைகளில் ‘பி.ஓ.ஹெச்’ என்ற மூன்று எழுத்து அடிக்கடி காதில் விழும். குறித்த காலத்தில் செய்யும் முழு ஓவர்ஹால். கோளாறு வந்தால்தான் வர வேண்டும் என்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் முறை வந்துவிட்டால் இன்ஜின் உள்ளே வந்தாக வேண்டும். கப்பலின் ரன்னிங் ஹவர்ஸ் கணக்கும் இதே கொள்கைதான்.

உங்கள் அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் எப்படி இருக்கிறது?

ஸ்ரீரங்கத்திலும் தில்லைநகரிலும் அடுக்குமாடிகள் பெருகிவிட்டன. வயதான பெற்றோர் நான்காவது மாடியில், பிள்ளைகள் வெளிநாட்டில் என்ற வீடுகள் ஏராளம். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், சில வீடுகளில் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் எல்லாமே கீழே பச்சைப் பெட்டிக்குள் இருக்கும் ஜெனரேட்டரை நம்பித்தான். கப்பல்காரர்களின் பழக்கத்தில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை:

* லாக் புத்தகம்: எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது ஆயில் மாற்றியது, எப்போது சர்வீஸ் என்று ஒரு நோட்டு வேண்டும். மணிக்கணக்கு வராவிட்டாலும், மேனுவலில் சொன்ன கால அளவு முடிந்தால் ஆயிலை மாற்ற வேண்டும். ஓடாமல் கிடந்தாலும் ஆயில் கெடும்.

* பேட்டரி: அவசர நேரத்தில் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாததற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம் பேட்டரிதான். முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, சார்ஜர் வேலைசெய்கிறதா, வயர் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

* வாரம் ஒருமுறை ஓட்டம், லோடுடன்: சும்மா ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது சோதனை ஆகாது. லோடு இல்லாமலே ஓட்டினால் டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் படியும். அவ்வப்போது லிஃப்ட், மோட்டார் ஆகியவற்றை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டிவிட்டால் யாரும் லிஃப்டில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

* ஆட்டோவில் இருக்கிறதா? சர்வீஸுக்கு வந்தவர் சுவிட்சை மேனுவலுக்கு மாற்றிவிட்டு அப்படியே போய்விடலாம். டாலியை நினைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் முடிந்ததும் மெயினை அணைத்து, தானாக ஸ்டார்ட் ஆவதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

* அலாரத்தை அமுக்காதீர்கள்: பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தால் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் போவது பல இடங்களில் வழக்கம். எந்த அலாரம், எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

* டீசல்: மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் டீசலில் தண்ணீர் சேரும். ஃபில்டருக்குக் கீழே தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

* தண்ணீர் ஏறாத இடம்: கப்பலின் அவசர ஜெனரேட்டர் மேல்தளத்தில் இருப்பதற்கான காரணம் நமக்கும் பொருந்தும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஊரில் ஜெனரேட்டரையும் பேனலையும் பள்ளத்தில் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. மேடை கட்டி உயர்த்துங்கள்.

* உயிருக்கு ஆபத்து: சின்ன போர்ட்டபிள் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, மூடிய பார்க்கிங்கிலோ, ஜன்னலுக்கு அருகிலோ ஓட்டவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும் கூடாது.

வீட்டில் மருத்துவக் கருவி பயன்படுத்துபவர்கள் ஜெனரேட்டரை மட்டும் நம்பாமல், மருத்துவரைக் கேட்டு மாற்று சிலிண்டரோ பேட்டரியோ வைத்துக்கொள்வது நல்லது. கப்பலில் நான்கு ஜெனரேட்டர் இருந்தும் ஐந்தாவதாக ஒன்றை மேலே வைத்திருக்கிறார்களே!

இந்த வேலைக்குப் போக ஆசையா?

பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் நான்கு வருட மரைன் இன்ஜினீயரிங் பட்டப்படிப்பில் சேரலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இதற்கு நுழைவுத் தேர்வு நடத்துகிறது. மெக்கானிக்கல் முடித்தவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சியும், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் முடித்தவர்களுக்குக் கப்பலின் மின் பிரிவு அதிகாரி ஆவதற்கான சில மாதப் பயிற்சியும் உண்டு. டாலியின் வயர் கதைக்குப் பிறகு இந்த வேலையின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலை வாங்கித்தருவதாக யாராவது பணம் கேட்டால், அந்த ஏஜென்ட்டிடம் கப்பல்துறை தலைமை இயக்குநரகம் வழங்கும் ஆர்.பி.எஸ்.எல் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

பராமரிப்பு வேலைக்குப் பாராட்டு விழா யாரும் நடத்துவதில்லை. ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது, அதனால் யார் கண்ணிலும் படாது. ‘நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு வருடா வருடம் இவ்வளவு செலவு?’ என்ற கேள்வி அசோசியேஷன் மீட்டிங்கில் கட்டாயம் வரும். அந்த வயரும் விபத்துக்கு முந்தைய நிமிடம் வரை நன்றாகத்தான் வேலைசெய்தது என்று அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, லாக் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லுங்கள்.